புள்ளி

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு மூன்று பேர் போனோம்,
பழைய மாருதியில்.
கோட்டையூர் தாண்டும்போது நான் சொன்னேன்:
"மீனாள், கண்ணாடியை இறக்கவான்னு ஆத்தாகிட்டக் கேளு."
அவள் ஆத்தா எனக்கு ஒரு முழம் தள்ளி
முன்சீட்டில் இருந்தாள்.
"இறக்கணுமாம்" என்றது பின்சீட்.

ஏழு மாதமாக இப்படித்தான்.
தோட்டை அடகு வைத்த ரசீது
சலவைக்குப் போட்ட என் சட்டைப்பையில்
உமையாளுக்குக் கிடைத்த நாள் முதல்.
சண்டை என்று ஒன்றும் இல்லை.
இருந்திருந்தால் யாராவது வந்து விலக்கியிருப்பார்கள்.
காபி வரும். சட்டை மடிப்புக் கலையாமல் வரும்.
மொய்க் கவரில் இருவர் பேரும் சேர்ந்தே போகும்.

நம்பரைக் கண்டுபிடித்தது மீனாள்தான்.
நாள்காட்டியில் வியாழக்கிழமைத் தாளில்
பச்சை மையில் எழுதியிருந்தாள்:
‘நாலரை மணி. மூணு பேரும்.’
நல்ல நேரம் பார்த்ததில்லை அது,
அவளுக்கு டியூஷன் இல்லாத நேரம்.

செக்காலை ரோட்டில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி.
படியேறும் முன் கடைக்குள் நுழைந்து
இரண்டு ஃபிரேம் போட்டுப் பார்த்தேன்.
பவர் இல்லாத கண்ணாடி வழியே
தெருவில் தெரிந்த முகம் எதுவும் இல்லை.

மேலே படிவம் கொடுத்தார்கள்.
பெயர், வயது, தொழில் வரைக்கும் சரி.
‘வந்ததன் காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.
‘பொது’ என்று எழுதினேன்.
உமையாள் ஒரு கோடு போட்டுவிட்டாள்.
மீனாள் இன்னொரு தாள் கேட்டு வாங்கினாள்.

ஹாஜரா மேடம் எங்களைவிட இளையவர்.
அறையில் மேசை இல்லை.
மேசை இல்லாத ஆளிடம் எப்படிக் கணக்குச் சொல்வது?
வெள்ளைப் பலகையில் ஒரு சதுரம் வரைந்தார், அது நான்.
ஒரு வட்டம், அவள்.
நடுவே கோடு,
கோட்டிலிருந்து தொங்கும் சின்ன வட்டம்.

கோயில் கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி.
கழுத்துரு ஏறிய வருஷம் எழுதிக்கொண்டது.
பதினேழு வருஷமாக ஒரு புள்ளிக்கு வரி கட்டுகிறோம்,
ஒரு புள்ளிக்குப் பிரசாதம் வாங்குகிறோம்.
ஒரு புள்ளிக்குள்
இவ்வளவு வெள்ளை இருக்கும் என்று
எந்த ஏட்டிலும் பார்த்ததில்லை.

"யார் வேணும்னாலும் தொடங்கலாம்" என்றார்.
நான் மகள் பக்கம் திரும்பினேன்.
"மீனாள், ஆத்தாகிட்டச் சொல்லு, அந்தத் தோட்டை…"

"நான் சொல்ல மாட்டேன் அப்பச்சி."

சத்தமாகக்கூட இல்லை.
இன்னொரு இட்லி வேண்டாம் என்பது போல.
நாற்காலியைத் தூக்கிப் போய்
ஜன்னலோரம் போட்டு
எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
பதினைந்து வயது முதுகு.
எத்தனை ‘சொல்லு’ அதன் மேல் ஏறியிருக்கும்?
எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதுதான் என் பிழைப்பு.
பங்குனி முடியுமுன் விட்டுவிட்டேன்.

மேடம் காத்திருந்தார்.
ஐம்பது நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு,
அப்படியானால் நிமிடத்துக்கு இருபத்து நாலு என்று
மண்டை தானாகப் போட்டது.
எழுபத்திரண்டு ரூபாய்க்கு யாரும் பேசவில்லை.

அப்போது மழை பிடித்தது,
முதலில் கீழ்க்கடையின் தகரப் பந்தலில்,
பிறகு எல்லாவற்றின் மேலும்.

உமையாள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.
மறுபடி திறந்தாள்.
பலகையைப் பார்த்துத்தான் சொன்னாள்,
ஆனால் நடுவில் ஆள் இல்லை:

"கார் கண்ணாடியை ஏத்தி விட்டீகளா?"

தொண்டை கட்டியிருந்தது எனக்கு.
"இல்ல. என் பக்கம் ஏத்தல."

"சீட்டு நனைஞ்சிருமே."

"நனையும்."

போய் ஏற்றிவிட்டு வரலாம்.
படி பதினாறுதான்.
இருவரும் உட்கார்ந்திருந்தோம்.